காதில பாங்கு சொல்லப் போனவன்ட பேக்

என்ட உசிர் மச்சான் றபீக்குக்கு,

நீ மாமாவாகிட்டாய்டா! முதல்ல அதைச் சொல்லிட்டுத்தான் மத்தக் கதை. பொம்புளப் புள்ள. மூண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மூக்கு அப்பிடியே உன்ட மூக்கு, அதுல எனக்குக் கொஞ்சம் கவலைதான். உன் தங்கச்சி நுஸ்ரத் சுகமா இருக்காள். மாமிக்கு, அதான் உன்ட உம்மாவுக்கு, வாய் மூட நேரமில்ல. வாறவங்க போறவங்களுக்கெல்லாம் புள்ளைட காலைத் தூக்கித் தூக்கிக் காட்டுறா.

நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகுது. இவ்வளவு நாளும் உனக்கு ஒரு வரி எழுதல்ல. எழுதக் குந்துவன், பேனையை வச்சிட்டு எழும்பிப் போயிருவன். இண்டைக்கு எழும்பல்ல. நேரில கதைக்கிறதை விட எழுத்தில நான் நல்லாக் கதைப்பன் எண்டு உனக்குத் தெரியும்தானே? எழுத்தில எனக்குத் திக்காது. இதை நாலு பேர் வாசிக்கட்டும் எண்டும் ஆசை இருக்கு. அதால உனக்குத் தெரிஞ்ச சங்கதியையும் இடைக்கிடை சொல்லுவன், பொறுத்துக்கொள்.

நான் ஆர்? ஃபிரிட்ஜ் திருத்துறவன். ஆறாம் வகுப்பில இருந்து உன் கூட்டாளி. பிறகு உன் தங்கச்சியைக் கலியாணம் முடிச்சு, நீ கட்டார் வெயில்ல நிண்டு உழைச்சு அவளுக்குக் கட்டின வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவன். நம்மட பக்கத்தில மாப்பிள்ளைதானே பொண்ணுட வீட்டுக்குப் போற. தங்கச்சிக்கு வீடு கட்டி முடியாம நான் முடிக்க மாட்டன் எண்டு நீ நிண்டாய். வீடு முடிஞ்சுது, தங்கச்சிட கலியாணமும் முடிஞ்சுது, உனக்குப் பொண்ணு பேசிக்கொண்டிருக்கக்குள்ள நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நீ போயிட்டாய்.

நான் திக்குவாயன். ஸ்கூல்ல டீச்சர் என்ட பேரைக் கேட்டா நீதான் எழும்பிச் சொல்லுவாய். கடையில, பஸ்ஸில, கந்தோர்ல எல்லா இடத்திலயும் நான் வசனத்தைத் தொடங்குவன், நீ முடிப்பாய். பிழையாவும் முடிப்பாய், அதையும் சொல்லத்தான் வேணும். ஒருக்கா சந்தையில நான் "மு... மு..." எண்டு நிக்க, நீ பத்து முட்டையை வாங்கிக் கையில திணிச்சிட்டாய். எனக்கு வேணும் எண்டு நிண்டது முருங்கைக்காய். அதை விளங்கப்படுத்த இன்னொரு 'மு' சொல்லோணுமே எண்டு முட்டையோட வீட்டுக்குப் போனன்.

நிக்காஹ் அண்டைக்கு நடந்தது ஞாபகம் இருக்கா? உங்கட வாப்பா இல்லாததால நீதான் பொண்ணுக்கு வலி, பொறுப்பாளி. என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு உன்ட பங்கைச் சொல்லிட்டாய். 'கபில்து' எண்டு நான் ஏத்துக்கொள்ளோணும். 'க'வில நிண்டுட்டன். பள்ளி முழுக்க பாத்துக்கொண்டிருக்கு. நீ பொறுக்கேலாம வாயைத் திறக்க, "மாப்பிள்ளைதான் சொல்லோணும், நீங்க சொல்லப்படாது" எண்டு நிக்காஹ் நடத்தின லெப்பை ஒரு அதட்டு அதட்டினார். உடனே நீ என்ட உள்ளங்கையில நறுக்கெண்டு கிள்ளினாய். அந்த நோவுல வார்த்தை தெறிச்சு வெளிய வந்திச்சு. உன் தங்கச்சி இண்டைக்கும் சொல்லுவாள், தன்ட கலியாணம் கிள்ளி வாங்கின கலியாணம் எண்டு.

அண்டைக்குக் கலியாணச் சாப்பாட்டில குந்தி இருக்கக்குள்ளதான் நீ அந்த வாக்கைத் தந்தாய். "உன்ட புள்ளைட காதில பாங்கு சொல்லுறது என்ட வேலை. நீ பயப்படாத" எண்டாய். உன்ட குரலுக்கு ஊரே தலை சாய்க்கும். பொறந்த புள்ளைட வலது காதில தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கு, இடது காதில தொழுகை தொடங்குது எண்டு சொல்லுற இகாமத். அதைத் தகப்பன் சொல்லுறதுதான் முறை. ஏலாட்டி வேற ஆராவது சொல்லலாம். நீ சொல்லுவாய் எண்டு நானும் நிம்மதியா இறைச்சியை இழுத்துக் கடிச்சன்.

நுஸ்ரத்துக்குத் தரிச்சிருக்கு எண்டு தெரிஞ்ச அண்டைக்கு முதல் சந்தோசம், ரெண்டாவது உன்ட ஞாபகம், மூண்டாவது இந்தப் பாங்கு. பாங்கு எனக்குப் பாடம். தனியச் சொன்னா ஒரு எழுத்துப் பிசகாது. ஆனா ஒரு ஆள் கேக்குது எண்டு தெரிஞ்சா தொண்டையில கதவு சாத்திரும். அதுவும் 'அ' எனக்குப் பெரிய எதிரி. பாங்கில முதல் எட்டு வரியும் 'அ'வில தொடங்குது மச்சான். எட்டு வரி!

மாமிக்கு என்னில பாசம்தான். அதாலதான் அந்தக் கதையைச் சொன்னா. "மருமகன், நீங்க கஷ்டப்பட வேணாம். தம்பி வந்து சொல்லுவான்." தம்பி எண்டது உங்கட சின்ன மாமா, பள்ளிவாசல் மோதினார். அஞ்சு நேரமும் ஊருக்கே பாங்கு சொல்லுற மனிசன், அவரில ஒரு குறையும் இல்ல. ஆனா எனக்குச் சுருக்கெண்டு போச்சு. நான் வாப்பாதானே? என்ட புள்ளைக்கு நான் குடுக்கிற முதல் சொல்லையும் இன்னொரு ஆள்ட வாயாலதான் குடுக்கோணுமா?

சரி, நானே சொல்லுவம் எண்டு பழகத் தொடங்கினன். ஆளில்லாத இடத்தில பழகிப் பிரயோசனமில்ல, ஆள் இருக்கிற இடத்தில பழகோணும். ஒருநாள் மருதமுனையில ஒரு வீட்டில ஃபிரிட்ஜ் திருத்தப் போனன். வீட்டுக்காரப் பொம்புள குசினி வாசல்ல கதிரையைப் போட்டுக் குந்தி இருந்தா. இதுதான் சந்தர்ப்பம் எண்டு, தலையை ஃபிரீசருக்குள்ள விட்டு மெல்லமா "அ... அ... அல்லாஹு" எண்டு தொடங்கினன். அந்த மனிசி பதறி எழும்பிட்டா. "தம்பி, ஏன் ஃபிரிட்ஜுக்கு ஓதிப் பாக்கிறீங்க? உள்ள ஜின் என்னவும் இரிக்கா?" கேஸ் இறங்கிட்டு எண்டு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போச்சு. அதுக்குள்ள அவ பக்கத்து வீட்டையும் கூப்பிட்டுட்டா. அந்த ஒழுங்கையில ஒரு வீட்டில இருந்தும் பிறகு ஒரு வேலையும் வரல்ல.

அதோட பழகிறதை விட்டுட்டன். வேற வழி யோசிச்சன், அதை உனக்கு இப்ப சொல்லத்தான் வேணும். நீ கட்டார்ல இருக்கக்குள்ள வேலை செஞ்ச இடத்தில பாங்கு சொன்னதை ஆரோ போனில பிடிச்சிருந்தாங்களே? அதை எனக்கு அனுப்பி, "எப்பிடி இரிக்கு?" எண்டு கேட்டிருந்தாய். அது இன்னும் என்ட போன்ல இருக்கு. பின்னால ஒரு ஏசி இரையிற சத்தமும் கேக்கும், கம்ப்ரசர் பழுதாகப் போற ஏசி. அதைப் புள்ளைட காதில போடுவம் எண்டு முடிவெடுத்தன். நீயும் வாக்குத் தந்திருந்தாய்தானே? மௌலவியிட்ட நான் கேக்கல்ல. கேட்டா கூடாது எண்டு சொல்லுவார் எண்டு தெரியும், அதால கேக்கல்ல.

இனி பேக்குக்கு வாறன்.

நீ ஓட்டோ ஓட்டின காலத்தில நம்மட ஒழுங்கையில பொறந்த புள்ளைகள்ல பாதி உன்ட ஓட்டோவில ஏறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. வகுத்து நோவு எண்டு ஆள் வந்தா உன்ட முதல் கேள்வி, "கிளினிக் கார்ட் எடுத்தாச்சா?" அடுத்தது புருஷனைப் பாத்து, "நீ என்னத்தைடா கொண்டு வாறாய்?" அவன் முழிப்பான். "தாய்க்குப் பேக் கட்ட உம்மா இரிக்கா, ராத்தா இரிக்கா, சாச்சி இரிக்கா. வாப்பாவுக்கு ஆர் இரிக்கா? வெறுங்கையோட வந்து வெறுங்கையோட நிண்டு கடைசில மயங்கி விழு" எண்டு ஓட்டோவைக் கிளப்புவாய்.

பிறகு போற வழியெல்லாம் உன்ட பிரசங்கம்தான். பேனை கொண்டு வா, எல்லா வாப்பாமாரும் அடுத்தவன்ட பேனைக்குத்தான் நிக்கிறான். அடையாள அட்டைட கொப்பி ரெண்டு எடு. மாத்துச் சேட்டு ஒண்டு வை, பயத்தில வேர்த்து நாறுவாய், அந்த நாத்தத்தோட புள்ளையைத் தூக்கப்படாது. பழைய செருப்புப் போடு, வாட்டு வாசல்ல புதுச்செருப்புத் தங்காது. பணிஸ் நாலு வாங்கு, ஒண்டு உனக்கு, மூண்டு மாமிக்கு, பசிச்ச மாமிக்கு முன்னால நிக்கிறது புள்ள பெறுறதை விடக் கஷ்டம். போனுக்குச் சார்ஜர். ரெத்தம் குடுக்க ஒரு கூட்டாளி, அவனைப் பேக்கில வைக்கேலாது, கையோட கூட்டிக்கொண்டு வா. உன்ட பேச்சைக் கேட்டு ஒருத்தனும் ஒண்டும் கொண்டு வந்ததில்ல. அதால நீயே சீட்டுக்குக் கீழ நாலைஞ்சு பேனை வச்சிருந்தாய்.

நான் மட்டும் உன்ட சொல்லை அப்பிடியே கேட்டன். ஒரு ஸ்பேனரை மறந்தால் மருதமுனையில இருந்து சாய்ந்தமருதுக்குத் திரும்பி ஓடோணும், அதால பேக் அடுக்கிறதில என்னை ஒருத்தனும் வெல்லேலாது. என்ட வேலைச் சாமான் பேக்கில நிறையப் பொக்கெட் இருக்கு, நல்ல வசதி. கல்முனைக்குப் போய் அதே கடையில அதே மாதிரி, அதே நீல நிறத்தில இன்னொரு பேக் வாங்கினன். எட்டாம் மாசமே எல்லாம் அடுக்கிட்டன். பேனை மூண்டு, கொப்பி, சேட்டு, சாரன், சார்ஜர், பவர் பேங்க், உன்ட குரலைப் போட ஒரு சின்ன ஸ்பீக்கர். ஸ்பீக்கரைச் சாரனுக்குள்ள சுத்தி அடியில வச்சன்.

மாமி தன்ட பேக்கைத் தனியாக் கட்டினா. கழுவிக் காயவச்ச பழைய பருத்திச் சீலைத் துண்டுகள், புள்ளைட தொப்பி, காலுறை, பேசன், சுடுதண்ணிப் போத்தல், பேரீச்சம்பழம். என்ட பேக்கைப் பாத்துட்டு இடுப்பில கையை வச்சா. "புள்ள பெறப் போறது அவளா, நீங்களா?" நுஸ்ரத் சிரிச்ச சிரிப்பில அவளுக்குப் பொய் நோவு வந்திச்சு. எல்லாரும் ஓடினம், திரும்பி வந்தம். அண்டைக்கு மட்டும் சரியான பேக்கைக் கொண்டு ஓடி இருந்தன்.

உண்மையான நோவு வெள்ளிக்கிழமை காலையில வந்திச்சு. மாமி "யா அல்லாஹ், யா அல்லாஹ்" எண்டு வீட்டை மூண்டு தரம் சுத்தினா. நான் ஓட்டோவுக்கு ஓடி, திரும்ப வந்து நுஸ்ரத்தைப் பிடிச்சு ஏத்தி, திரும்ப ஓடிப் போய் வாசல்ல கிடந்த நீலப் பேக்கைத் தூக்கி மடியில வச்சுக்கொண்டு ஏறினன். பாரமா இருந்திச்சு. பதட்டத்தில பாரமாத் தெரியுது எண்டு நினைச்சன்.

ஆஸ்பத்திரியில நுஸ்ரத்தை உள்ள எடுத்துட்டாங்க. மாமிட பேக்கும் சரியா உள்ள போச்சு. ஒரு படிவத்தைக் கொண்டு வந்து கையொப்பம் வைக்கச் சொன்னாங்க. நான் பெருமையாப் பேக்கைத் திறந்தன். மச்சான், உள்ள என்ன இருந்திச்சு தெரியுமா? கேஸ் மீட்டர், ஸ்பேனர் செட், செப்புக் குழாய்த் துண்டு, டெஸ்டர், அழுக்குத் துணி. அட்டெண்டன் அம்மா எட்டிப் பாத்துட்டு, "என்ன தம்பி, புள்ளையைக் கழட்டியா எடுக்கப் போறீங்க?" எண்டா. வாங்கில வரிசையாக் குந்தி இருந்த வாப்பாமார் எல்லாரும் சிரிச்சாங்க. பயத்தில வெளிறி இருந்த ஒருத்தன் கூடச் சிரிச்சான்.

பேனை இல்ல. எனக்குப் பேனை தந்தது திருக்கோவில்ல இருந்து வந்த ஒரு வயல்காரன், அவனுக்கும் முதல் புள்ள. நீ ஆயுசுக்கும் கத்தின சங்கதி. மூண்டு பேனையை வீட்டில வச்சிட்டு வந்து அடுத்தவன்ட பேனைக்கு நிண்டன். நீ எங்கயோ இருந்து தலையில அடிச்சிருப்பாய்.

பேனை போனாப் போகுது. போனில சார்ஜ் ஒம்பது வீதம் இருந்திச்சு. பவர் பேங்க் வீட்டில. ஸ்பீக்கர் வீட்டில. போய் எடுத்து வரலாம்தான், ஆனா நான் போற நேரம் பாத்துக் கூப்பிட்டா? போனை நிப்பாட்டி நெஞ்சுப் பொக்கெட்டில வச்சன். உன்ட குரல் செத்துரப்படாதே எண்டு அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பாத்தன்.

ஜும்ஆத் தொழுகை நேரம் ஆகிச்சு. நம்மட ஆக்கள் எல்லாரும் பள்ளிக்கு எழும்பிப் போனாங்க. சின்ன மாமாவும் அங்கதானே, அவர் குத்பாப் பிரசங்கம் முடியாம அசையேலாது. மாமியும் பகல் தொழுகைக்கு இடம் தேடிப் போயிட்டா, வாங்கில மிஞ்சினது நானும் அந்த வயல்காரனும். அவன் தண்ணி குடிக்கப் போய்ட்டுத் திரும்பி வந்து, நம்மட ஆக்கள் அண்ணனைக் கூப்பிடுற மாதிரியே, "காக்கா, அந்தக் கூலர்ல தண்ணி சுடுது" எண்டான். எனக்குக் கை சும்மா இருக்காது. மடியில வேற ஸ்பேனர் இருக்கு. அட்டெண்டன் அம்மாவிட்டக் கேட்டன், "செஞ்சா புண்ணியம் தம்பி" எண்டா. பின்பக்கத்தைக் கழட்டினா விசிறிக்குள்ள பல்லி முட்டையும் தூசியும் அடைஞ்சு கிடக்கு. கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு துடைக்கிறன். பயம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்திச்சு.

அந்த நேரம் பாத்து நர்ஸ் மிஸ் கதவைத் திறந்தா. "நுஸ்ரத்ட ஆக்கள் ஆரு?"

நான்தான் எண்டு சொல்லோணும். "நா... நா..." அவ மத்தப் பக்கம் பாக்குறா. "நுஸ்ரத்ட ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?" எனக்குச் சத்தம் வரல்ல. கதவைச் சாத்தப் போறா. ஸ்பேனரை மேல தூக்கி ஆட்டினன். நல்ல வேளை, வயல்காரன் என்னைக் காட்டினான்.

"பொம்புளப் புள்ள. தாய் சுகம். புள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது, பயப்பட ஒண்டும் இல்ல, பேபி யூனிட்டில வச்சுப் பாக்குறம். தகப்பன் மட்டும் வந்து பாக்கலாம்" எண்டா. தொழுதுட்டு வந்த மாமி அழுதுகொண்டே சுவரைப் பிடிச்சா. "தம்பியை வரச் சொல்லவா, பாங்கு?" எண்டு கேட்டா. "தகப்பன் மட்டும்தான் அம்மா" எண்டு மிஸ் திரும்பவும் சொன்னா. நான் கையைக் கழுவினன், கழுவினன், கழுவிக்கொண்டே நிண்டன். கிறீஸ் போகல்ல.

மிஸ் பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ் ஆள் போல, கதையில தெரிஞ்சுது. உள்ள கூட்டிக்கொண்டு போனா. "காதில ஓதுறதெண்டா ஓதுங்க. உங்கட ஆக்கள் எல்லாரும் ஓதுவாங்கதானே. போன்ல படம் மட்டும் எடுக்க வேணாம்" எண்டா.

பாத்தன் மச்சான். என்ட முழங்கை அளவுதான். மூக்குத் துவாரம் ரெண்டும் விரிஞ்சு விரிஞ்சு மூடுது. அழல்ல. ஒரு கண்ணை மட்டும் திறந்து, ஆர் இவன் எண்ட மாதிரிக் கிடந்தாள். எனக்குக் கண்ணீர் பொல பொல எண்டு கொட்டிச்சு. நான் இவ்வளவு சந்தோசமா ஒருநாளும் இருந்ததில்ல.

மிஸ் ரெண்டு அடி தள்ளி நிண்டா. ஆள் கேக்குது. தொண்டையில கதவு சாத்திட்டு. நான் போனை எடுத்து உசிர் குடுத்தன். ஆறு வீதம். உன்ட பாங்கை எடுத்துச் சத்தத்தைக் குறைச்சு, புள்ளைட காதுக்குக் கிட்டக் கொண்டு போனன். விரலை வச்சு அமத்தினா முடிஞ்சுது. உன்ட வாக்கும் நிறைவேறும், என்ட மானமும் தப்பும்.

அமத்தல்ல.

மன்னிச்சுக்கொள் மச்சான், அந்த நேரம் எனக்கு உன்னில சரியான கோவம் வந்திச்சு. நீ என்ட எல்லா வசனத்தையும் முடிச்சு வச்சிட்டாய். பாசத்திலதான் செஞ்சாய், எனக்குத் தெரியும். ஆனா நீ போன பிறகு ஊரெல்லாம் பாதிப் பாதிச் சொல்லோட நான் நிண்டன். முடிக்க ஆளில்ல, முடிச்சுப் பழக்கமும் இல்ல. ஒரு வருஷமா ஆமா, இல்ல எண்டதுக்குக் கூடத் தலையைத்தான் ஆட்டினன். இப்ப இந்தச் சின்னக் காதிலயும் நீயே வந்து முடிச்சிட்டா, நான் இவளுக்கு எப்ப வாப்பா ஆகுற?

போனைப் பொக்கெட்டில போட்டன். குனிஞ்சன். "அ..." எண்டு தொடங்கினன்.

எவ்வளவு நேரம் அந்த 'அ'வில நிண்டன் எண்டு தெரியாது. வாய் திறந்தபடி, கழுத்து நரம்பு புடைச்சபடி. நான் எதிர்பாத்தது என்ன தெரியுமா? மிஸ் இருமுவா, இல்லாட்டி "பரவால்ல, பிறகு பாப்பம்" எண்டு சொல்லுவா. எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. அவ நிண்ட இடத்திலயே நிண்டா. வேற ஒரு மிஸ் ஏதோ கேட்டு வர, கையைக் காட்டி நிப்பாட்டிட்டா. புள்ளையும் அந்த ஒத்தைக் கண்ணால பாத்துக்கொண்டே கிடந்தாள். சிரிக்கல்ல, அவசரப்படல்ல, சொல்லை எடுத்துத் தரவும் இல்ல. கிடந்து கேட்டாள்.

"அல்லாஹு அக்பர்" வந்திச்சு.

பிறகு அடுத்தது. திக்கிச்சு, வந்திச்சு. 'அஷ்ஹது'வில முட்டிச்சு, திரும்பப் பின்னால போய்த் தொடங்கினன், வந்திச்சு. எட்டு வரியும் மலை ஏறின மாதிரித்தான். 'ஹய்ய'வுக்கு வந்ததும் இறக்கம், கொஞ்சம் ஓடினன். கடைசி வரியை ஒரு தடங்கலும் இல்லாமச் சொன்னன். நிமிர்ந்தா சேட்டு நனைஞ்சு ஒட்டிக்கொண்டு நிக்குது.

"முடிஞ்சுதா?" எண்டு மிஸ் மெல்லமாக் கேட்டா.

"இ... இ... இடது காது" எண்டன்.

அவ வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா, நானும் சிரிச்சிட்டன். "ஐயோ, சரி சரி. சொல்லுங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்ல" எண்டா. இகாமத்தையும் சொன்னன். அதுக்குள்ள உன் மருமகள் கொட்டாவி விட்டுத் தூங்கிட்டாள். பாதி இகாமத் அவள்ட கனவுக்குள்ளதான் போயிருக்கும்.

வெளிய வந்தா ஜும்ஆ முடிஞ்சு சின்ன மாமா மூச்சிரைக்க நிக்கிறார். மாமி என்ட முகத்தைப் பாத்துட்டு, "ஆர் சொன்ன?" எண்டா. நெஞ்சில கையை வச்சுக் காட்டினன். சின்ன மாமா, "முழுசாவா?" எண்டார். "மு... முழுசா" எண்டன். மனிசன் என்னைப் பிடிச்சுக் கட்டிக்கொண்டார். மாமி அழுது, மூக்கைத் துடைச்சு, உடனே "வேர்த்து நாறுறீங்க மருமகன், மாத்துச் சேட்டு எங்க?" எண்டு கேட்டா.

பின்னேரம் நுஸ்ரத்தைப் பாத்தன். களைச்சுக் கிடந்தாள். உன்ட குரலைப் பத்தி நான் போட்ட திட்டத்தை அண்டைக்குத்தான் அவளுக்குச் சொன்னன். சொல்ல நெடு நேரம் எடுத்திச்சு. அவளுக்குத் தெரிஞ்ச சொல்லுகள்தான், வழமையா எடுத்துத் தருவாள், அண்டைக்குத் தரல்ல. கேட்டு முடிச்சுட்டு, "எனக்குக் காக்காட குரலைப் போடுங்க, நான் கேக்கிறன்" எண்டாள். ரெண்டு வீதம் இருந்திச்சு. நாங்க ரெண்டு பேரும் காதை ஒட்டி வச்சுக் கேட்டம். பாதியில போன் நிண்டுட்டு. அவள் அழுதாள், பிறகு அந்த ஏசி இரைச்சலை நினைச்சுச் சிரிச்சாள். நீ போன பிறகு உன்னை நினைச்சு நாங்க சிரிச்ச முதல் நாள் அதுதான்.

மூச்செல்லாம் சரியாகி புள்ள மூண்டாம் நாள் வீட்டுக்கு வந்திட்டாள். இப்ப பக்கத்து அறையில அவள்ட சத்தம் கேக்குது. ஒழுங்கையில அடுத்த வாப்பா ஒருத்தன் தயாராகிறான், நேத்து வந்து என்னத்தைக் கொண்டு போறது எண்டு கேட்டான். உன்ட லிஸ்ட்டைத்தான் சொன்னன். சொல்லிட்டு, "பாங்கு பாடமா?" எண்டு கேட்டன். இல்லையாம். முதல்ல அதைப் பாடமாக்கு, மத்ததெல்லாம் ஆரிட்டயும் இரவல் வாங்கலாம் எண்டன். எனக்கு அவ்வளவையும் சொல்லி முடிக்க ஒரு பிளேன்ரீ ஆறிப் போச்சு. அவன் குந்தி இருந்து கேட்டான்.

திங்கக்கிழமை பதிவுக் கந்தோருக்குப் போறன். புள்ளைட பேரைக் கேப்பாங்க. தான் கூட வந்து சொல்லுறதா மாமி சொன்னா, வேணாம் எண்டுட்டன். பின்னால எவ்வளவு பேர் நிண்டாலும் சரி, நானே சொல்லுவன்.

உனக்கும் ஒரு வாக்குத் தாறன் மச்சான். அல்லாஹ் நாடினா ஒருநாள் நாம திரும்பச் சந்திப்பம். என்னைக் கண்டதும் நீ ஓடி வருவாய், எனக்குத் தெரியும். அண்டைக்கு நான்தான் முதல்ல "அஸ்ஸலாமு அலைக்கும்" சொல்லுவன். 'அ'வில நிப்பன், நிண்டாலும் விட மாட்டன். நீ வாயை மூடிக்கொண்டு, கிள்ளாம, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நில்லு. ஒரு மணித்தியால வயசில உன் மருமகள் பொறுமையாக் கிடந்து கேட்டாள், உனக்கு ஏலாதா?

உன் தங்கச்சிட மாப்பிள்ளை,
உன் மருமகள்ட வாப்பா,
உன் மச்சான்.